நடுவதற்கு மானியம் இருந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை

விழுப்புரம் மாவட்டம் முகையூர்ப் பக்கம் காட்டாமணக்கு என்றால் வேலிச் செடி. காம்பை ஒடித்து, கசியும் பாலை ஊதிக் குமிழி விடுவது பிள்ளைகளின் விளையாட்டு. ஆடு வாய் வைக்காது. அதனாலேயே வேலிக்கு ஏற்றதாயிற்று. அந்தச் செடியைத்தான் டீசல் தரும் பயிர் என்று 2003இல் மத்தியத் திட்டக்குழு முன்னிறுத்தியது. 2007-08 முதல் ஐந்தே ஆண்டில் 1 லட்சம் ஹெக்டேரில் நட வைப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது. கன்றுக்குப் பாதி விலை மானியம்.

தரிசில் தண்ணீர் இல்லாமலே வளரும் என்றார்கள். வளர்ந்தது, காய்ப்புதான் இல்லை. காய்க்க உரமும் தண்ணீரும் வேண்டும், சில ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டும். காய் ஒரே சமயத்தில் பழுக்காது. திரும்பத் திரும்பக் கூலி கொடுத்துப் பறிக்க வேண்டும். பக்கத்துத் திருவண்ணாமலையிலும் கோவையிலும் நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. செடி ஏறியது தரிசில் அல்ல, மல்லாட்டை (நிலக்கடலை) விளைந்த சொந்தக் கொல்லைகளில் என்று அது காட்டியது. சிறு விவசாயிக்கு இதைவிடப் பெரிய அடி என்ன இருக்கிறது? சாப்பாட்டுக்கும் எண்ணெய்க்கும் ஆன பயிர் போயிற்று, வந்த பயிரும் விலைபோகவில்லை.

கோளாறு எங்கே? பயோடீசல் லிட்டருக்கு 25 ரூபாய் என்று 2006 ஜனவரியில் விலை வைத்தார்கள். அது ஆலையிலிருந்து வரும் எண்ணெய்க்கு. கொல்லையில் விளைந்த விதைக்கு அல்ல. விதைக்கு ஆதரவு விலை என்று 2009 உயிரி எரிபொருள் கொள்கை எழுதியது, விவசாயி கைக்கு வந்து சேரவில்லை.

கரும்பைப் பாருங்கள். பெரியசெவலை செங்கல்ராயன் கூட்டுறவு ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவருக்கு 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை துணை நிற்கிறது: 14 நாளில் பணம், தவறினால் 15 சதவீத வட்டி. நிலுவை விழாமல் இல்லை. ஆனால் கேட்க உரிமை உண்டு. 2025-26 பருவத்துக்கு டன்னுக்கு அரசு வைத்த விலை 3,550 ரூபாய், அதுவும் சர்க்கரைக் கட்டுமானம் 10.25 சதவீதம் இருந்தால். 9.5க்குக் கீழே போனால் 3,290.50 ரூபாய்தான், தமிழகத்தில் பெரும்பாலும் அதுதான் கிடைக்கிறது. 2023 டிசம்பரில் கரும்புச்சாற்றில் எத்தனால் எடுக்க மத்திய அரசு தடை போட்டபோது ஆலைகள் தவித்தன. கரும்புக்கு அரசு வைத்த விலை மட்டும் மாறவில்லை.

இப்போது மக்காச்சோளத்தின் முறை. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு 2025இல் எட்டப்பட்டதில் அதற்குப் பெரிய பங்கு. 2025-26 பருவத்துக்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஆதரவு விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று எத்தனால் ஆலையைக் கட்டாயப்படுத்தும் சட்டம் கரும்புக்கு இருப்பதுபோல மக்காச்சோளத்துக்கு இல்லை.