‘என் ஃப்ரெண்டு நரகத்துக்கா போவா?’ - கேள்வி கேட்கும் டீன் ஏஜ் பிள்ளைக்கு என்ன தியானப் புத்தகம் கொடுக்கலாம்?

“அம்மா, என் பெஞ்சுல பக்கத்துல உக்கார்றாளே, அவ கோயிலுக்குப் போறவ. ரொம்ப நல்லவ. அவ செத்தா நரகத்துக்கா போவா?”

ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்து, பாய் விரிக்கிற நேரமாகப் பார்த்து வரும் கேள்வி இது. 12, 13 வயதில் பிள்ளை இருக்கும் கிறிஸ்தவ வீடுகளில் இதே வார்த்தைகளில் இல்லாவிட்டாலும் ஏதாவது ஒரு வடிவத்தில் வந்தே தீரும். கூடவே டைனோசரும் வரும். “ஆறு நாள்ல உலகத்தைப் படைச்சார்னா, டைனோசர் எந்த நாள்ல வந்துச்சு?” அதற்கு அடுத்தது இன்னும் சங்கடமானது. “எல்லாரும் ஒரே சரீரம்னு சர்ச்ல சொல்றாங்க. அப்புறம் ஏன் பெரியப்பா அண்ணனுக்குப் பொண்ணு பாக்கும்போது மட்டும் சாதி கேக்குறாங்க?”

“அப்படியெல்லாம் கேக்கக் கூடாது, பேசாமப் படு” என்று சொல்லிவிடுவது சுலபம். அன்றைக்குப் பிள்ளை பேசாமல் படுத்துக்கொள்ளும். ஆனால், கேள்வி போகாது. இனி அம்மாவிடம் கேட்காது, அவ்வளவுதான்.

இந்த வயதில்தான் இன்னொன்றும் வந்து சேர்கிறது. சி.எஸ்.ஐ, லுத்தரன் சபைகளில் திடப்படுத்தல், கத்தோலிக்கர்களுக்கு உறுதிபூசுதல். ‘இதையெல்லாம் நான் விசுவசிக்கிறேன்’ என்று சபை முன்னால் நின்று சொல்ல வேண்டும். “எனக்கே இன்னும் தெரியாததை எப்படிம்மா எல்லார் முன்னாடியும் சொல்றது?” என்று ஒரு பிள்ளை தயங்கினால், அது கடவுளை வேண்டாம் என்று சொல்லவில்லை. பொய் சொல்லக் கூடாது என்று நினைக்கிறது. அந்த நேர்மைக்குத் துணை நிற்கும் புத்தகம் எது என்பதுதான் பெற்றோரின் தேடல்.

‘முற்போக்கு’ என்றால்?

பைபிளைத் தூக்கி வைத்துவிடுவது என்று அர்த்தமில்லை. அது எந்தக் காலத்தில், யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்டு வாசிப்பது. பரிணாமத்தையும் அறிவியலையும் எதிரியாகப் பார்க்காதது. பெண்ணுக்கும் பிரசங்க மேடையில் இடம் உண்டு என்பது. ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் வராதவர்களையும் சேர்த்து அணைத்துக்கொள்வது. பிற மதத்தினரைக் கடவுள் கைவிட்டார் என்று தீர்ப்பு எழுதாதது. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் மேலாக, சாதியைப் பாவம் என்று வாய்விட்டுச் சொல்வது. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பிரித்துப் புதைத்த ஊர்கள் தமிழகத்தில் உண்டு. இதைப் பேசாத தியானப் புத்தகம் டீன் ஏஜ் பிள்ளையிடம் வெகுநாள் நிற்காது.

நரகக் கேள்விக்கே வருவோம். இதற்குக் கிறிஸ்தவத்தில் ஒரே பதில்தான் என்பது பலரும் நினைத்துக்கொண்டிருப்பது. அது சரியல்ல. தன் தவறு எதுவுமின்றி கிறிஸ்துவை அறியாமல், மனசாட்சிப்படி நேர்மையாகக் கடவுளைத் தேடி வாழ்கிறவர்களுக்கும் மீட்பு கிடைக்கலாம் என்று 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கமே சொல்லியிருக்கிறது. ரோமில் கூடிய ஆயர்கள் சொன்னது இது. தைரியமாகப் பிள்ளையிடம் சொல்லலாம்.

முதலில் பைபிளை மாற்றுங்கள்

மாற்றுவது என்றால், மொழிபெயர்ப்பை. பெரும்பாலான சீர்திருத்த சபை வீடுகளில் இருப்பது 1871-ல் முடிந்த பழைய மொழிபெயர்ப்பின் வழி வந்தது. பாட்டிக்கு அது மனப்பாடம், அதன் ஓசைக்கு ஈடு இல்லை. ஆனால், ஸ்கூலில் தமிழையே இரண்டாம் மொழியாகப் படிக்கும் பிள்ளைக்கு அது மூன்றாம் மொழி. கத்தோலிக்கர்களும் மற்ற சபையினரும் சேர்ந்து உருவாக்கிய ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்பு 1995-ல் வந்தது. இரட்சிப்பு அங்கே மீட்பு, பரிசுத்த ஆவி தூய ஆவி. வாசித்தால் உடனே புரியும்.

ஆதியாகமத்தில் ஆரம்பித்து லேவியராகமத்தில் மாட்டிக்கொண்டு மூடிவைத்த பிள்ளைகள் ஏராளம். மாற்கு நற்செய்தியில் ஆரம்பிக்கச் சொல்லலாம். நான்கில் அதுதான் சின்னது, 16 அதிகாரங்கள், தினம் ஒன்று. அதில் ஒரு சுவாரஸ்யமும் இருக்கிறது. மிகப் பழைய கைப்பிரதிகளில் கடைசி அதிகாரம் 8-ம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. காலியான கல்லறையைப் பார்த்த பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், அவ்வளவுதான், கதை அங்கேயே நிற்கிறது. மீதி வசனங்கள் பிற்பாடு சேர்ந்தவை என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. “ஏன் அப்படி முடிச்சிருப்பாங்க, நீ என்ன நினைக்கிற?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வாரம் யோசிப்பார்கள். அடுத்து சங்கீதங்கள். அதில் கணிசமானவை கடவுளிடம் புலம்புவதும் சண்டை போடுவதும்தான். கேள்வி கேட்பது பாவம் என்று நினைக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேண்டாம்.

நம் மண்ணிலிருந்து

சாது சுந்தர் சிங். 1889-ல் பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். பைபிளைக் கிழித்து எரித்தபோது அவருக்குக் கிட்டத்தட்ட நம் வீட்டுப் பிள்ளையின் வயதுதான். 16-வது பிறந்தநாளில் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்று, காவி உடுத்திக் கால்நடையாகத் திரிந்து, 1929-ல் திபெத்துக்குக் கிளம்பியவர் திரும்பவே இல்லை. ‘குருவின் பாதத்தில்’ என்ற பொருளில் அவர் எழுதிய சிறு நூல், சீடன் கேட்க குரு பதில் சொல்கிற உரையாடல் வடிவிலானது. சந்தேகத்தைக் கேட்டுவிடலாம் என்று அந்த வடிவமே பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறது. சில தரிசனப் பகுதிகள் இந்த வயதுக்குப் புரியாது. தாண்டிப் போகலாம்.

பெண் பிள்ளை என்றால் பண்டித ராமாபாயைக் கட்டாயம் அறிமுகப்படுத்தலாம். சம்ஸ்கிருதம் கற்றுத் தேர்ந்து பண்டிதை பட்டம் பெற்றவர், 1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். பெற்ற கையோடு அங்கிருந்த ஆங்கிலிகன் கன்னியாஸ்திரீகளிடமும் பாதிரியார்களிடமும் விவாதத்தைத் தொடங்கிவிட்டார். சொன்னதை அப்படியே ஏற்க முடியாது, என் மனசாட்சி ஒப்ப வேண்டும் என்பது அவர் நிலை. அந்தக் கடிதங்கள் ஆங்கிலத்தில் தொகுப்பாக வந்திருக்கின்றன. பிறகு புனே அருகே கெட்கானில் ஆதரவற்ற பெண்களுக்காக முக்தி மிஷனை நடத்தினார், பைபிளை மராத்தியில் தானே மொழிபெயர்த்தார். ‘பெண்கள் ஏன் பிரசங்கம் பண்றதில்லை’ என்ற கேள்வி வந்தால் இன்னொன்றையும் சொல்லலாம். சி.எஸ்.ஐ-யில் 2013-ல் ஆந்திராவின் நந்தியால் திருமண்டலத்துக்கு ஒரு பெண்ணே பேராயரானார்.

அந்தோனி டி மெல்லோ என்ற மும்பையில் பிறந்த இயேசு சபைப் பாதிரியாரின் ‘பறவையின் பாட்டு’ (1982) அரைப் பக்கக் கதைகள் கொண்டது. சூஃபி, ஜென், யூத, இந்து மரபுக் கதைகளெல்லாம் கலந்து வரும். தூங்கப்போகும் முன் ஒரு கதை போதும். கத்தோலிக்க வீட்டினர் ஒன்று தெரிந்துகொள்வது நல்லது. அவருடைய சில கருத்துகள் திருச்சபையின் போதனைக்குப் பொருந்தாதவை என்று அவர் இறந்து 11 ஆண்டுகள் கழித்து, 1998-ல் வத்திக்கான் அறிவித்தது. வாசிக்கக் கூடாது என்பதற்காக இல்லை, கேள்வி வந்தால் பதில் கையில் இருக்கட்டும் என்பதற்காக.

சாதிக் கேள்விக்குப் புத்தகத்தைவிடப் பாட்டு நல்ல வழி. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, ‘பரட்டை அண்ணன்’ என்று அழைக்கப்பட்டவர், நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாடல்கள் கட்டினார். எல்லோரும் ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து சாப்பிடுவதுதான் அவர் சொன்ன இறையியல். 13 வயதுக்கு இதை விளக்கவே வேண்டாம். யார் வீட்டில் சாப்பிடலாம், யார் வீட்டில் கூடாது என்று யாராவது சொல்லி அது ஏற்கெனவே கேட்டிருக்கும்.

கடல் கடந்து

தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு, நிறவெறிக்கு எதிராகப் போராடி 1984-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். குழந்தைகளுக்காக அவர் எழுதிய பைபிள் கதைப் புத்தகம் 2010-ல் வந்தது. உலகின் பல நாட்டு ஓவியர்கள் வரைந்தது. ஒவ்வொரு கதைக்கும் கடைசியில் ஒரு குட்டி ஜெபம் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கானதுதான், ஆனால் ஆங்கிலம் தடுமாறும் டீன் ஏஜுக்கும் சரியாக இருக்கும். ‘கடவுள் கிறிஸ்தவர் அல்ல’ என்றே அவருடைய தொகுப்பு ஒன்றுக்குத் தலைப்பு. மேலே சொன்ன ஃப்ரெண்டு கேள்விக்கு அது நேரான பதில்.

ரேச்சல் ஹெல்டு எவன்ஸ், அமெரிக்காவின் பழமைவாதச் சூழலில் வளர்ந்து, கேள்வி கேட்டுக் கேட்டே எழுத்தாளரானவர். 2019-ல் 37 வயதிலேயே இறந்துபோனார். பைபிள் கதைகளை மறுபடி நேசிப்பது எப்படி என்று அவர் எழுதிய ‘இன்ஸ்பயர்டு’ (2018), 15 வயதுக்கு மேல் நன்றாக இருக்கும். அதற்கு முன் அம்மாவோ அப்பாவோ படித்துவிட்டு, ஒரு அத்தியாயத்தைக் கதையாகச் சொல்லலாம்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ரகமும் உண்டு. டீன் ஏஜ் பெண்களுக்கு என்று வரும் தியானப் புத்தகங்களில் கணிசமானவை உடை, ‘தூய்மை’, வருங்காலக் கணவன் என்றே சுற்றிவருகின்றன. 1997-ல் வெளியாகி, காதலுக்கே தடை போட்டுப் பரபரப்பாக விற்ற ஜோஷுவா ஹாரிஸின் புத்தகத்தை, அதனால் பலர் காயப்பட்டதாக ஒப்புக்கொண்டு 2018-ல் அவரே நிறுத்தினார். அது போன்ற புத்தகங்கள் பழைய புத்தகக் கடைகளில் இன்னும் கிடைக்கும். வாங்கும் முன் உள்ளே நாலு பக்கம் புரட்டிப் பாருங்கள்.

படிக்கவே சோம்பல்படும் பிள்ளைக்கு இயர்போன் இருக்கிறது. பிரிட்டன் இயேசு சபையினரின் ‘பிரே அஸ் யூ கோ’ ஆப் தினமும் பத்துப் பதிமூன்று நிமிடம் இசையும் ஒரு பைபிள் பகுதியும் சில கேள்விகளும் தரும், இலவசம். ஸ்கூல் பஸ்ஸில் கேட்கலாம். பிரான்ஸின் தெய்ஸே குழுவினரின் பாடல்கள் இரண்டே வரிகள், திரும்பத் திரும்ப. பரீட்சை டென்ஷனுக்கு நல்லது.

தமிழில், டீன் ஏஜுக்கென்றே, முற்போக்கான தினத் தியான நூலைத் தேடினால் சிரமம்தான். ‘நமது அனுதின மன்னா’ பல வீடுகளில் இருக்கிறது. தினம் ஒரு பக்கம் படிக்கும் பழக்கத்துக்கு நல்லது. ஆனால் டைனோசரையும் சாதியையும் அதில் எதிர்பார்க்க முடியாது. அந்த இடைவெளியை வீட்டிலேயே ஒரு நோட்டு வைத்து நிரப்பலாம். இடது பக்கம் பிள்ளை கேள்வி எழுதட்டும். வலது பக்கம் அம்மா, அப்பா, ஏன், பாட்டியும் எழுதலாம். ‘எனக்கும் தெரியலை கண்ணு’ என்பதும் பதில்தான். பாட்டியின் பழைய பைபிளையும் ஜெபத்தையும் கேலி செய்ய மட்டும் இடம் கொடுக்க வேண்டாம். அவர் கேள்விகளை அவர் எப்படிக் கடந்தார் என்று கேட்டால், எந்தப் புத்தகத்திலும் இல்லாத கதை வரும்.

அந்தத் திடப்படுத்தல் வகுப்பு? ஆயரிடம் நேராகப் போய்ப் பேசலாம். இந்த வருடம்தான் முடிக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. “அடுத்த வருஷம் சேரட்டும் ஐயா, இன்னும் கொஞ்சம் படிக்கணும்னு சொல்றா” என்றால் போதும்.