கண்டக்குழியில் நான்கு நாட்கள்

அயல்வீட்டுக் கூடத்தில் தொங்கும் நாட்காட்டியில் கரீபியன் தீவொன்றின் படம் இருந்தது. வெண்மணல், நீல நீர், இரு தென்னைகளுக்கிடையே கட்டிய வலைத்தூளி, அதிலே தொப்பியால் முகத்தை மூடிப் படுத்திருக்கும் ஒரு மனிதர். அதனைக் கண்டுவந்த நம் இளைய மகன், "அப்பா, நாமும் அங்கே போகலாமா?" என்று கேட்டான். பார்படோசும் ஜமெய்க்காவும் பூமிப்படத்தில் எங்கே உள்ளன என்று காட்டி, நம் பணப்பை எங்கே உள்ளது என்பதையும் குறிப்பாக உணர்த்தினோம். எனினும் அப்படம் நம் மனத்தை விட்டு அகலவில்லை. மணலும் தென்னையும் நம் நாட்டிலேயே உண்டு. நம் வீட்டாருக்குக் கிடையாதது அந்த மனிதரின் ஓய்வுதான். அவர் எங்கும் புறப்படவில்லை, கைக்கடிகாரத்தையும் பார்க்கவில்லை.

நாமோ விடுமுறை என்றால் ஓட்டம் என்றே கருதிப் பழகியவர்கள். முன்னொரு ஆகஸ்டு மாதத்தில் கற்பிட்டிப் பக்கம் போனபோது, மூன்று நாட்களில் ஏழு இடங்களைப் பார்ப்பதாகத் தாளில் எழுதி எடுத்துச் சென்றோம். கடல் அலறிக் கொண்டிருந்தது. டொல்பின்களைக் காணப் படகு கேட்டோம்; படகுக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்து, "ஐயா, இது சோளகக் காலம். தை மாசியில் வாருங்கள்" என்றார். தாளில் எஞ்சிய ஆறு இடங்களையாவது முடிப்போம் என்று வெயிலில் அலைந்ததில், எழுபத்து நான்கு வயதுடைய ஆச்சிக்கு மயக்கம் வந்து, கடைசி இரவைப் படுக்கையருகில் விசிறியுடன் கழித்தோம். "இனி என்னை எங்கும் கூப்பிடாதே, பிள்ளை" என்று ஆச்சி சொன்னார். அச்சொல் நம்மை மிகவும் தைத்தது. ஆகையால் இரண்டாம் முறை வேறு விதமாகத் திட்டமிட்டோம்.

கற்பிட்டித் தீபகற்பம் புத்தளம் கடலேரியை ஒருபுறமும் பெருங்கடலை மறுபுறமும் கொண்டு வடக்கே நீண்டு கிடக்கும் ஒரு மணல் நாக்கு. அதன் நுனிக்கு அருகே, கற்பிட்டிப் பட்டினத்துக்குச் சில கிலோமீட்டர் தெற்கே, கடலோரத்தில் இருப்பது கண்டக்குழி. இங்கு நாட்காட்டியைவிடக் காற்றே பெரிய அதிகாரி. வைகாசி தொடங்கி ஐப்பசி வரையில் சோளகம் ஓயாது வீசும். அக்காலத்தில் பெரும் பட்டத்தை வானில் விட்டு, காலிற் பலகையைப் பூட்டி நீர்மேற் சறுக்கும் 'கைற் சேர்பிங்' விளையாட்டுக்காக ஐரோப்பியர் பலர் இங்கே வருகின்றனர். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரையில் கடல் அடங்கியிருக்கும். டொல்பின்களின் பருவம் அதுவே. இவ்வளவையும் புறப்படுமுன் ஒரு மீனவரிடம் கேட்டிருந்தால் நம் முதற் பயணம் வீணாகியிராது.

எனவே பெப்ரவரி மாதத்தைத் தேர்ந்தோம். 4ஆந் திகதி சுதந்திர தினம். அது வார இறுதியை ஒட்டி வருங்கால் அலுவலகத்தில் ஒரே ஒரு நாள் லீவு எடுத்தால் நான்கு நாட்கள் கிட்டும். பயணத்துக்கு ஒரு விதியும் வகுத்தோம்: ஒரு நாளைக்கு ஒரு காரியம், அதுவும் முற்பகலில். பிற்பகல் எவருக்கும் சொந்தமில்லாதது. "அப்படியானால் வில்பத்துக் காடு?" என்று மூத்த மகள் வினவினாள். கடலேரிக்கு அப்பால் அவ்வளவு அருகில் இருப்பதை விட்டுவிட மனம் வராதுதான். ஆயினும் காட்டுக்கு ஒரு முழு நாளும், அந்நாளின் களைப்பைப் போக்க மற்றொரு நாளும் வேண்டும். அதனை வேறொரு விடுமுறைக்கு ஒத்திவைத்தோம்.

முதல் நாட் காரியம் போய்ச் சேருவது மட்டுமே. கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாக வந்து, புத்தளத்துக்குச் சற்று முன்னே பாலாவியில் இடப்புறம் திரும்பவேண்டும். யாழ்ப்பாணத்தார் வவுனியா, அநுராதபுரம் வழியாகப் புத்தளத்தை அடைந்து பாலாவிக்கு வரலாம். பாலாவியில் உப்பளங்கள், அதன்பின் மாம்புரியில் காற்றாலைகள், நுரைச்சோலையில் 2011ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய நிலக்கரி மின்நிலையத்தின் நெடும் புகைபோக்கி. இருபுறமும் வெறும் மணலே எனினும், அம்மணலில் நீரிறைத்துச் சின்ன வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கின்றனர். ஆச்சி வண்டியை நிறுத்தச் சொல்லி வெங்காயத்தின் விலையை விசாரித்தார். முன்னைய பயணமாயின், "நேரமில்லை" என்றிருப்போம்.

மறுநாள் விடியலில் கடலுக்குச் சென்றோம். ஆச்சி கரையிலேயே தங்கிவிட்டார். அனைவருக்கும் மிதப்புச் சட்டை உண்டா என்று பார்த்த பின்னரே படகில் ஏறினோம். இதில் வாசகர்கள் எவருக்கும் முகதாட்சிணியம் பார்க்கவேண்டாம். அரைமணி நேரம் ஒன்றுமே இல்லை. பின்னர் நீரில் ஒரு கரிய கோடு தோன்றிற்று; அடுத்த கணம் நம்மைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான முதுகுகள்! ஓங்கில் என்று தமிழ் மீனவர் வழங்கும் இவற்றுள் இங்கு மிகுதியாக உள்ளவை சுழல் டொல்பின்கள். நீரிலிருந்து செங்குத்தாக எழும்பித் தம்மைத் தாமே பம்பரம்போற் பலமுறை சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் விழுகின்றன. பிள்ளைகள் சுற்றுகளை எண்ண முயன்று தோற்றனர்.

அப்பொழுதுதான் வேறொரு படகு பேரிரைச்சலுடன் வந்து கூட்டத்தின் நடுவே புகுந்தது. ஒரு நொடியில் கடல் வெறுமையாயிற்று. நம் படகுக்காரர் இயந்திரத்தைத் தணித்துக் காத்திருந்தார். "துரத்தினால் போய்விடும், ஐயா. சும்மா இருந்தால் அதுவாகவே வரும்" என்றார். அவர் கூறியதில் உயிரியல் உண்மையும் உண்டு. சுழல் டொல்பின்கள் இரவில் ஆழ்கடலிலிருந்து மேலெழும் சிறு மீன்களையும் கணவாய்களையும் வேட்டையாடுபவை. பகலே அவற்றுக்கு இளைப்பாறும் வேளை. ஆக, அவையும் ஓய்வெடுக்க வந்தவையே! நம்மைப் போன்ற உல்லாசப் பயணிகள் படகு படகாக நாள்தோறும் அவற்றின் உறக்கத்தைக் கலைத்தால், அவை இக்கடலை விட்டு வேறிடம் நாடுவதற்குத் தடையேதும் இல்லை. படகைப் பேசும்போதே, கூட்டத்தைத் துரத்தக்கூடாது, குறுக்கே போகக்கூடாது என்று சொல்லிவிடுவது நம் கடமை. நாம் சொல்லாவிடில், வாடிக்கையாளர் விரும்புவது அதுவே என்று படகோட்டி எண்ணிக்கொள்வார். அன்று கால் மணி நேரம் சும்மா இருந்தோம். அவை திரும்பி வந்தன.

இதே கடலில் வடக்கே பார் ரீவ் என்னும் பவளப்பார் இருக்கிறது. 1992ஆம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்ட அதன் பரப்பு 300 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். 1998இல் கடல் வெப்பமடைந்து பவளங்கள் வெளுத்து மடிந்தன. பல ஆண்டுகளில் மெல்லத் துளிர்த்தவை 2016இல் மீண்டும் அடிபட்டன. அங்கே மூழ்கிப் பார்க்க விரும்புவோர், பவளத்தின்மேற் கால் ஊன்றுவதில்லை என்ற உறுதியோடு செல்க. நாம் செல்லவில்லை, அன்றைய ஒரு காரியம் முடிந்துவிட்டது.

பிற்பகலில் திட்டமிடாத ஒன்று வாய்த்தது. கரையிலே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தனர். கயிற்றின் ஒரு முனை இங்கே, மறுமுனை கூப்பிடு தூரத்துக்கு அப்பால். இடையே கடலில் அரைவட்டமாக வலை. பிள்ளைகள் போய்க் கயிற்றைப் பிடித்தனர். இழுப்போர் சிரித்து இடம் விட்டனர். ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. மடி கரையேறியபோது அதில் இருந்தது சூடையும் காரலுமாக இரண்டு கூடை. "இவ்வளவுதானா?" என்று மகன் வாய்விட்டுக் கேட்டான். வலையின் மூத்தவர், "சில நாள் இதுவும் இல்லை, தம்பி" என்று மறுமொழி கூறி, ஆச்சியின் கையில் ஒரு பிடி மீனை வைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். இக்கரையில் பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்ந்து வந்து வாடி அமைப்போரும் உண்டு. விடுதிகள் பெருகப் பெருகக் கரையிலே வலை இழுக்கவும் வள்ளம் ஏற்றவும் இடம் குறைகிறது என்பது அவர்தம் குறை. கடலை நோக்கியுள்ள அறையே வேண்டும் என்று கேட்பவர்கள் நாமாகையால், அக்குறையில் நமக்கும் பங்கு இல்லையென்று சொல்ல இயலவில்லை.

மூன்றாம் நாள் கற்பிட்டிப் பட்டினம். தெருவிலே கட்டுக்காவலின்றித் திரியும் கழுதைகளே பிள்ளைகளுக்குப் பெருங்காட்சி. ஒல்லாந்தர் 1667க்கும் 1676க்கும் இடையிற் கட்டிய கோட்டை கடலேரியின் வாயிலைப் பார்த்து நிற்கிறது. கண்டியரசின் கடல் வாணிகத்தை மறிப்பதற்கு அதைவிட வாய்ப்பான இடம் கிடைத்திராது. கோட்டை கடற்படையின் பொறுப்பில் உள்ளதால் உள்ளே செல்ல அவர்களின் அனுமதி வேண்டும். மாணவர்கள் அறியவேண்டிய பெயரொன்றும் இவ்வூருக்கு உண்டு. 1807இல் இங்குப் பிறந்த சைமன் காசிச்செட்டியே 1834இல் இலங்கையின் ஊர்களை அகரவரிசையில் விளக்கும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டவர். தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்து 1859இல் 'தமிழ் புளூராக்' என்னும் நூலைத் தந்தவரும் அவரே. அதற்கும் ஐந்நூறு ஆண்டு முன்னர், 1344இல், இபன் பதூதா புத்தளக் கரையில் இறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, அவர் உதவியால் சிவனொளிபாதமலைக்குச் சென்றார். கோட்டை மதிலின் நிழலில் இவற்றைச் சொல்லத் தொடங்கினோம். மகள் கேட்டாள், மகன் கழுதையிடம் போய்விட்டான்.

அன்று மாலை கடலேரிக் கரையில் ஆச்சி முழங்கால் அளவு நீரில் நெடுநேரம் நின்றார். அலையில்லாத நீர். பிடித்துக்கொள்ள வந்த மருமகளின் கையை, "எனக்கு ஒன்றுமில்லை" என்று விலக்கிவிட்டார்.

நான்காம் நாள் திரும்பும் வழியில் தலவில் புனித அன்னாள் ஆலயத்தில் இறங்கினோம். ஆகஸ்டுப் பெருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் பிற சமயத்தாருமாகப் பெருந்திரளானோர் கூடி, மரங்களின் கீழே கூடாரமடித்துப் பல நாட்கள் தங்குவர். பானை, பாய், விறகு, குழந்தை குட்டி எல்லாம் கூடவரும். நாட்காட்டியில் தூங்கும் அந்த மனிதரின் கலையை நம் முன்னோர் வேறு பெயரில் அறிந்திருந்தனர் போலும். ஆகஸ்டு தவிர வேறு விடுமுறை இல்லாத குடும்பத்தார் டொல்பின்களை மறந்து, விழாவையும் பட்டச் சறுக்கலையும் எண்ணி வரலாம்; குறை ஏதும் இராது.

பாலாவி உப்பளத்தைக் கடக்கும்போது வண்டியோட்டி, ஏதோ நாறுகிறது என்று முகஞ்சுளித்தார். ஆச்சி மடியில் இருந்த பையை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டார். கண்டக்குழியில், நமக்குத் தெரியாமல் இரண்டு கிலோ கருவாடு வாங்கியிருந்தார்.

"வருகிற மாசியில் வரும்போது இந்த வண்டியைப் பிடிக்கவேண்டாம்" என்றார்.