கையொப்பத்துக்கு முன் ஒரு கணக்கு

எண்ணும் எழுத்தும் மாந்தர்க்கு இரு கண்கள் என்பது நம் முன்னோர் கொள்கை. ஆயினும் அவ்விரு கண்களுள் ஒன்றைப் பரீட்சை முடிந்ததும் மூடிவிடும் வழக்கம் எம்மவரிடையே வேரூன்றியுள்ளது. க. பொ. த. சாதாரண தரத்திற் கணிதம் கட்டாய பாடம். நூற்றுவீதமும் கூட்டுவட்டியும் மாணவர் அனைவரும் கற்பவையே. பெறுபேறு வெளிவந்த பின்னரோ புத்தகம் பரணேறிவிடுகின்றது. “பொறியியல் கற்போர்க்கன்றோ கணிதம் வேண்டும்? எமக்கு அஃது எதற்கு?” என்று கேட்போரும் உளர். கடன் பத்திரத்தின் முன் பேனாவுடன் அமர்ந்திருக்கும் எளிய குடும்பத்துக்கே அது முதலில் வேண்டும் என்பதை இங்கு ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

தையல் இயந்திரம் வாங்கிச் சிறு தொழில் தொடங்க விரும்பும் ஒரு குடும்பம், ஓர் இலட்சம் ரூபாவைக் கடனாகப் பெறுகின்றது எனக் கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 24 வீதம். தவணை 12 மாதம். கடன் கொடுப்போர் முழுத் தொகைக்கும் ஓராண்டு வட்டியாக 24,000 ரூபாவைக் கூட்டி, 124,000 ரூபாவைப் பன்னிரண்டாற் பிரித்து, மாதந்தோறும் 10,333 ரூபா செலுத்துமாறு கூறுகின்றனர். மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இக்கணக்கிற் பிழையேதும் தோன்றாது.

ஆனால், அந்த ஓர் இலட்சமும் ஆண்டு முழுவதும் அக்குடும்பத்தின் கையில் இருந்ததா? முதலாந் தவணையோடே கடன் குறையத் தொடங்குகின்றது. ஆண்டின் நடுவில் ஏறத்தாழ அரைவாசியும், இறுதி மாதத்திற் பத்தாயிரத்துக்கும் குறைவான தொகையுமே எஞ்சியுள்ளன. வட்டி மட்டும் முதல்நாள் வாங்கிய இலட்சத்துக்கே இறுதிவரை அறவிடப்படுகின்றது. எஞ்சிய கடனை அடிப்படையாகக் கொண்டு நோக்கின், 24 வீதம் எனச் சொல்லப்பட்ட வட்டி உண்மையில் ஏறத்தாழ 42 வீதமாகின்றது. அதே 24 வீதத்தை மாதந்தோறும் எஞ்சிய கடனுக்கு மட்டும் கணித்தால், தவணைப்பணம் ஏறத்தாழ 9,456 ரூபா; மொத்த வட்டி 13,500 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. எழுதப்பட்ட வீதம் ஒன்றே. கணிக்கும் முறை மாறியதனாற் பத்தாயிரம் ரூபாவுக்கு மேல் வேறுபாடு உண்டாயிற்று.

ஊரிலே தனியாரிடம் வாங்கும் கடனையும் நோக்குவோம். நூற்றுக்கு மாதம் 5 ரூபா வட்டி என்னும்போது அது சிறு தொகையாகவே செவியில் விழுகின்றது. ஆண்டுக்கு அது 60 வீதம். செலுத்தத் தவறிய வட்டி முதலோடு சேர்ந்து வருமாயின், 100 ரூபாக் கடன் 12 மாதத்தில் ஏறத்தாழ 180 ரூபாவாக வளர்ந்துவிடும். கடன் இரட்டிக்கும் காலத்தை மனத்தாலேயே அறிய ஓர் எளிய வழி உண்டு. 72 என்னும் எண்ணை வட்டி வீதத்தால் வகுக்க வேண்டும். மாதம் 5 வீதமாயின், 14 மாதம் கடந்ததும் கடன் இரட்டித்துவிடும். சேமிப்புக்கும் இவ்வழி பொருந்தும். ஆண்டுக்கு 12 வீதம் கூட்டுவட்டி தரும் வைப்பு ஏறத்தாழ 6 ஆண்டில் இரு மடங்காகும்.

இவை வெறும் ஏட்டுக் கணக்குகள் அல்ல. போர் ஓய்ந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் வீடு தேடி வந்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் பெற்று அல்லலுற்ற பெண்கள் பலர். 2018 ஆம் ஆண்டிலே, வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைச் சில நிபந்தனைகளுடன் தள்ளுபடி செய்ய அரசு முன்வரவேண்டியதாயிற்று. கணக்கறியாமையே இத்துன்பத்துக்குக் காரணம் என்பது அநீதி; வறுமையும் அவசரத் தேவையுமே அவர்களைக் கடனிடம் தள்ளின. எனினும், கணக்கறிந்தவர் இரண்டு கடன்களுள் இலேசானது எது எனத் தெரிந்தெடுக்கலாம். அறியாதவர் சொன்னதை நம்புவதன்றி வேறு வழியிலர்.

நாட்டு நடப்பை விளங்கிக்கொள்ளவும் இவ்வறிவே வேண்டும். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரிற் பணவீக்கம் 69.8 வீதமாயிருந்து, 2023 செப்டெம்பரில் 1.3 வீதமாக இறங்கியது. அவ்வாறாயின் விலைகள் இறங்காதது ஏன் எனப் பலர் வினவினர். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்குக் கிடைத்த பொருள்கள், பொதுவாக நோக்குமிடத்து, ஓராண்டிற் சுமார் 170 ரூபாவாகி, மறு ஆண்டில் 172 ரூபாவாயின. குறைந்தது விலையன்று, விலை ஏறும் வேகமே. இவ்வேறுபாட்டை உணராத மக்களிடம் எவரும் எதையும் வெற்றியெனக் கூறிவிடலாம்; தோல்வியெனவும் கூறிவிடலாம்.

ஆதலாற் பெற்றோர், கடன் பத்திரத்தையும் மின்கட்டணப் பட்டியலையும் பிள்ளைகளுக்கு மறைத்தல் வேண்டா. அவற்றை மேசைமேல் வைத்து அவர்களோடு கூடிக் கணக்கிடுக. மாணவர்களே, கையொப்பமிடுமுன் மூன்று வினாக்களைக் கேட்குமாறு உங்கள் பெற்றோர்க்கு நினைவூட்டுங்கள்: வட்டி முழுத் தொகைக்கா, எஞ்சிய தொகைக்கா? வீதம் மாதத்துக்கா, ஆண்டுக்கா? முடிவில் மொத்தமாகத் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு? இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைக்கும்வரை பேனா மூடியே இருக்கட்டும்.