பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கு: வாங்குவதும் பேணுவதும்

சென்ற ஆண்டின் இறுதியில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் தளவாடப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மேசை, நாற்காலி, எடைக்கற்கள், இரும்புப் பெட்டி என்று சென்ற பட்டியலின் நடுவில் "பெட்ரோமாக்ஸ் விளக்கு 2, புத்தக மதிப்பு ரூ. 1" என்றொரு பதிவு இருந்தது. பொருளைக் காட்டுமாறு கேட்டேன். நூல் சிப்பங்களுக்குப் பின்னாலிருந்து களிம்பேறிய இரு விளக்குகளை எடுத்து வந்தனர். அவற்றைப் பழைய பித்தளையாக எடை போட்டு விற்றுவிட நிர்வாகக் குழு தீர்மானித்திருப்பதாகச் செயலாளர் தெரிவித்தார். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தபோது, ஒன்றில் ஜெர்மனியில் செய்யப்பட்டது என்னும் எழுத்துக்கள் தெளிவாகத் தெரிந்தன.

இதற்கு இரண்டு மாதங்களுக்குப் பின், மலைச்சரிவில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் என்னிடம் வேறொரு செய்தி கூறினார். தம் தோட்டத்திற்கு வரும் விருந்தினர் தங்குவதற்காக அவர் கூடாரங்கள் அமைத்திருக்கிறார். மாலை வேளையில் கூடார முற்றத்தில் பழைய பெட்ரோமாக்ஸ் எரிந்தால் வருவோர் மகிழ்வர் என்று கருதி, 6,500 ரூபாய் கொடுத்து ஒன்றை வாங்கினார். பளபளவென்று தேய்த்துத் துலக்கிய விளக்கு. முதல் நாள் இரவிலேயே தொட்டியின் கழுத்தில் இருந்த மயிரிழைப் பிளவு வழியே எண்ணெய் கசிந்து தீப்பற்றியது. கூடாரத்தின் ஒரு பக்கம் எரிந்துபோயிற்று. உள்ளே எவரும் இல்லாதது நற்பேறு.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் இக்கட்டுரையை எழுதத் தூண்டின. மலைத் தோட்டங்களிலும் கடற்கரைகளிலும் கூடாரமிட்டுத் தங்கும் பழக்கம் இப்போது பரவி வருகிறது. அதனுடன் பழைய விளக்குகளுக்கு மதிப்பும் ஏறி வருகிறது. வெளிச்சம் மட்டுமே வேண்டுவோருக்கு மின்கலத்தில் எரியும் எல்.இ.டி. விளக்கே சிக்கனமானது, ஆபத்தற்றது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது போதாது, அந்தப் பழைய ஒளியும் இரைச்சலுமே வேண்டும் என்பவர்களுக்காகவே மேலே எழுதுகிறேன். 1984-இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' திரைப்படத்தில் கவுண்டமணியின் வாடகை விளக்குக் கடையைக் கண்டு சிரித்தவர்கள் அனைவருக்கும், இவ்விளக்கின் உயிர்நிலை எவ்வளவு மெல்லியது என்பது நினைவிருக்கும்.

பெட்ரோமாக்ஸ் என்பது பொதுப்பெயர் அன்று. பெர்லினில் இருந்த எஹ்ரிச் அண்டு கிரேட்ஸ் நிறுவனம், 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியிட்ட விளக்கின் வணிகப் பெயர் அது. பெட்ரோலியம் என்னும் சொல்லையும், நிறுவனத்தை நடத்திய மாக்ஸ் கிரேட்ஸின் பெயரையும் இணைத்து ஆக்கப்பட்டது. பிற்காலத்தில் பல நாடுகளில் இதே அமைப்பில் விளக்குகள் செய்யப்பட்டன. நம் ஊர்களில் எல்லாவற்றுக்கும் பெட்ரோமாக்ஸ் என்ற ஒரே பெயர் நிலைத்துவிட்டது. ஆகவே, விற்பவர் "பெட்ரோமாக்ஸ்" என்று சொல்வது சான்று ஆகாது. விளக்கின் மேல் பொறித்துள்ள எழுத்துக்களே சான்று.

விளக்கு எரியும் முறையை அறிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும். அடியில் உள்ள தொட்டியில் மண்ணெண்ணெய் இருக்கிறது. பம்பினால் காற்றை அடைத்தால் ஏறக்குறைய 2 பார் அழுத்தம் உண்டாகிறது. அவ்வழுத்தம் எண்ணெயை ஒரு செங்குத்துக் குழாயில் மேலே தள்ளுகிறது. இக்குழாய் சுடரின் அருகே செல்வதால் எண்ணெய் கொதித்து ஆவியாகி, நிப்பிளின் ஊசிமுனைத் துளை வழியே பீறிட்டு, காற்றுடன் கலந்து, களிமண் பர்னரின் வழியாக மேண்டிலுக்குள் இறங்கி நீலச் சுடராக எரிகிறது. நீலச் சுடருக்கு ஒளி குறைவு. அச்சுடரின் வெப்பத்தில் வெண்மையாகக் கனன்று ஒளி தருவது மேண்டிலே ஆகும்.

நெசவாளர்கள் மேண்டிலைப் பற்றிச் சற்று விரிவாக அறிவது தகும். ஏனெனில் அது ஒரு துணி. ராமி நார், பருத்தி அல்லது செயற்கைப் பட்டு இழைகளால் பின்னிய சிறு பையை உலோக உப்புக் கரைசலில் தோய்த்து உலர்த்துகின்றனர். முதல் முறை கொளுத்தும்போது இழை எரிந்துபோகிறது. இழை ஓடிய வழியெல்லாம் உலோக ஆக்சைடு படிந்து, பின்னலின் உருவம் மட்டும் சாம்பலாக எஞ்சி நிற்கிறது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் அவர் வான் வெல்ஸ்பாக் இதற்கு 1885-இல் உரிமைப்பட்டயம் பெற்றார். நூற்றுக்கு 99 பங்கு தோரியமும் 1 பங்கு சீரியமும் கலந்த சிறந்த கலவை 1891-இல் அமைந்தது. தோரியம் தரும் மோனசைட் மணலுக்காக ஐரோப்பியர் அலைந்துகொண்டிருந்த காலத்தில், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அது இருப்பதை ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய ரசாயனர் 1909-இல் கண்டறிந்தார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணல் உலகப் புகழ் பெற்றது இவ்வாறுதான். நம் கயிறு திரிப்போர் அறியாமலே அனுப்பிவைத்த மணல் அது.

தோரியம் சிறிதளவு கதிரியக்கம் உடையது. எரியும் விளக்கின் அருகில் அமர்வதால் கேடில்லை. ஆனால் உடைந்த மேண்டிலின் தூளை மூக்கில் இழுத்தல் கூடாது. உடைந்ததை வாயால் ஊதாமல், ஈரத்துணியால் ஒற்றியெடுத்துக் கையைக் கழுவ வேண்டும். புதிய மேண்டிலை முதன்முதலாகக் கொளுத்துவதை வெளியில் காற்றோட்டமான இடத்தில் செய்க. இப்போது தோரியத்திற்குப் பதிலாக இட்ரியம் சேர்த்த மேண்டில்களும் விற்கப்படுகின்றன. ஒளி சற்றுக் குறைவு என்பர். குழந்தைகள் உள்ள வீட்டிற்கு நான் அவற்றையே சொல்வேன்.

இனி வாங்கும் முறைக்கு வருவோம். விளக்கைக் கையில் எடுத்ததும் கவிழ்த்துப் பாருங்கள். தொட்டியின் அடித்தகடு உட்புறமாகக் குழிந்திருப்பது இயல்பு. வெளிப்புறமாகப் புடைத்திருந்தால், யாரோ ஒரு காலத்தில் அளவுக்கு மீறி அழுத்தம் ஏற்றியிருக்கின்றனர் என்று பொருள். அதை எவ்விலைக்கும் வாங்க வேண்டாம். அடுத்து ஒரு காந்தத் துண்டைத் தொட்டியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பித்தளை அன்று, முலாம் பூசிய இரும்பு. இரும்புத் தொட்டியும் எரியும். ஆனால் உள்ளே துருப்பிடித்திருந்தால் அத்துரு ஓயாமல் நிப்பிளை அடைக்கும். பித்தளை விலைக்கு இரும்பை வாங்குவதும் நியாயமன்று.

பிளவைக் கண்டுபிடிப்பது எல்லாவற்றினும் முக்கியம். தொட்டியைத் துலக்காமல் விற்கும் விளக்கையே நான் விரும்புவேன். பழைய அழுக்கில் எண்ணெய் கசிந்த கோடுகள் அப்படியே தெரியும். தேய்த்துத் துலக்கியதில் அவை மறைந்துவிடும். பம்பின் அடி, கைப்பிடிச் சட்டம் சேருமிடம், தொட்டியின் கழுத்து ஆகிய மூன்றையும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஈயம் வைத்து ஒட்டிய இடம் இருந்தால், ஏன் ஒட்டப்பட்டது என்று கேளுங்கள். பிறகு, எண்ணெய் இல்லாத தொட்டியில் காற்றை அடித்து, அதை மட்டும் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினால், பிளவிலிருந்து குமிழிகள் கிளம்பும். இதற்கு இணங்காத வியாபாரியிடம் வாங்காதிருப்பதே நன்று.

பித்தளையில் பிளவு எவ்வாறு வருகிறது? பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் இந்தியாவில் மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் வைத்திருந்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே வெடித்துப் பிளந்தன. பருவத்தில் வரும் நோய் என்றே அதற்குப் பெயரிட்டனர். குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஆவியும் ஈரமும் சேர்ந்து, தகட்டை அடித்து வளைத்தபோது உள்ளே தங்கிய இறுக்கத்தின் வழியே பித்தளையைப் பிளக்கின்றன என்பது 1921-இல் விளக்கப்பட்டது. மேலே சொன்ன காப்பித் தோட்டக்காரர் வாங்கிய விளக்கு எங்கே கிடந்தது என்று விசாரித்தபோது, பல ஆண்டுகள் மாட்டுத் தொழுவத்தின் உத்தரத்தில் தொங்கியது என்று தெரியவந்தது. நம் வீடுகளில் பயன்படாத பொருளுக்குத் தொழுவமே இருப்பிடம். பித்தளை விளக்கை அங்கே தொங்கவிடாதீர்கள். அம்மோனியா கலந்த துலக்கு மருந்துகளையும் தவிர்க்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த டில்லி, வேபலக்ஸ் முதலிய ஆங்கில விளக்குகளும் சில இடங்களில் கிடைக்கின்றன. தரமானவை. எண்ணெய்ச் செலவும் குறைவு. ஆனால் டில்லியில் ஆவியாக்கும் குழாய் மேண்டிலின் நடுவே செல்வதால், மேண்டிலை மேலும் கீழும் இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் மேண்டில் அதற்குப் பொருந்தாது. மேலும், பழைய டில்லியின் முன்சூடேற்றும் கிடுக்கியில் கல்நார் சுற்றியிருப்பதுண்டு. அதைச் சுரண்டாமல் நனைத்து அப்புறப்படுத்திவிட்டுக் கண்ணாடி நார் வைத்துக்கொள்ளலாம். எந்த விளக்காயினும், அதற்குரிய மேண்டிலும் வாஷரும் நிப்பிளும் எங்கே கிடைக்கும் என்று முதலில் விசாரித்து, அதன் பிறகே விலை பேச வேண்டும்.

வாங்கிய விளக்கில் பெரும்பாலும் கெட்டிருப்பவை இரண்டு. முதலாவது பம்பின் தோல் வாஷர். அது காய்ந்து சுருங்கியிருந்தால் பம்பு காற்றை அடைக்காது. எறிந்துவிட வேண்டியதில்லை. தையல் எந்திர எண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, விளிம்பைக் கையால் விரித்துப் பொருத்தினால் மீண்டும் பிடிக்கும். இரண்டாவது, பம்பின் அடியில் உள்ள ஒருவழி வால்வு. பம்பின் தண்டு தானாகவே மேலெழுந்தால், அல்லது பம்புக் குழலுக்குள் எண்ணெய் வந்திருந்தால், அவ்வால்வின் ரப்பர்க் குமிழ் கெட்டுவிட்டது என்று அறியலாம். குமிழை மாற்றும்வரை விளக்கை ஏற்றக் கூடாது. எண்ணெய் ஊற்றும் மூடியின் வாஷரையும் அப்போதே புதிதாக மாற்றிவிடுவது நலம்.

ஒளி மஞ்சளாகிப் புகைந்தால், நிப்பிளின் துளை தேய்ந்து அகன்றிருக்கலாம். நிப்பிளையும் அதன் ஊசியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒளி மங்கித் துடித்தால் ஆவிக்குழாயில் கரி அடைத்திருக்கும். சைக்கிள் பிரேக் கம்பியின் நுனியைப் பிரித்து, அதைக் குழாய்க்குள் செலுத்திச் சுழற்றி எடுத்தால் கரி உதிர்ந்துவிடும். மரைகளைத் திருப்ப உரிய சாவியைப் பயன்படுத்துங்கள். கொறடாவால் கடித்துத் திருப்பிய விளக்குகளே நான் கண்டவற்றில் பாதிக்கு மேல்.

ஏற்றும்போது தொட்டியில் முக்கால் பங்குக்கு மேல் எண்ணெய் ஊற்றாதீர்கள். காற்றுக்கு இடம் வேண்டும். எண்ணெயை மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றுக. காற்றுத் திருகைத் திறந்துவைத்து, ஸ்பிரிட் கிண்ணத்தை நிரப்பிக் கொளுத்தி, ஸ்பிரிட் எரிந்து முடியும் தறுவாயில் திருகை மூடிச் சில முறை பம்பு அடிக்க வேண்டும். மேண்டில் பற்றிக்கொண்ட பின், அழுத்தமானியின் சிவப்புக் கோடு வரை அடிக்கலாம். பொறுமையின்றிக் குழாய் சூடேறுமுன் அடித்தால், ஆவியாகாத எண்ணெய் மேலே வந்து பெரிய மஞ்சள் தீயாக எழும். அப்போது ஓட வேண்டாம், தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். காற்றுத் திருகைத் தளர்த்தினால் அழுத்தம் இறங்கித் தீ தானே அடங்கும். மேண்டிலில் ஓட்டை விழுந்தால் அதன் வழியே சீறும் சுடர் கண்ணாடியை உடைத்துவிடும். ஓட்டையைக் கண்ட அன்றே மாற்றுக.

பெட்ரோலை எக்காரணம் கொண்டும் தொட்டியில் ஊற்றக் கூடாது. மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்றக் குறைந்தது 35 டிகிரி சூடு வேண்டும். பெட்ரோலின் ஆவியோ பனி உறையும் குளிரிலும் பற்றும். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்று இரண்டையும் கலந்து ஊற்றுவோர் இருக்கின்றனர். அதுவும் பெட்ரோலுக்குச் சமமே.

கூடாரத்திற்குள் இவ்விளக்கை ஏற்றலாமா என்று தோட்டக்காரர் கேட்டார். கூடாது. 500 மெழுகுவர்த்தி ஒளிக்கு என்று செய்த விளக்கு, 1 லிட்டர் எண்ணெயை ஏறக்குறைய 8 மணி நேரத்தில் எரிக்கிறது. அதன் வெப்பத்தைக் கணக்கிட்டால் ஒரு கிலோவாட் மின் அடுப்புக்கு மேற்பட்டது. துணிக்கூரைக்கு அதுவே போதிய ஆபத்து. அத்துடன், மூடிய இடத்தில் காற்றுக் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. உறங்குவோர் விழிப்பதில்லை. முற்றத்தில் உறுதியான இரும்புக் கொக்கியில், கூடாரத் துணிக்கு எட்டாத தூரத்தில், குழந்தைகளின் கைக்கு மேலே தொங்கவிடுவதே முறை. எரியும்போதோ சூடாக இருக்கும்போதோ எண்ணெய் மூடியைத் திறத்தலும் ஆகாது.

சங்கத்து விளக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. எடைக்கு விற்கும் தீர்மானத்தை நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்தில் ரத்து செய்தது. தண்ணீரில் அமிழ்த்திச் சோதித்ததில் இரண்டும் பிளவற்றவை என்று தெரிந்தது. உறுப்பினர்களுக்கு முறையாக அறிவிப்புக் கொடுத்து ஏலம் விட்டதில், ஜெர்மன் விளக்கு ஒன்றுக்கு மட்டும் 9,200 ரூபாய் சங்கக் கணக்கில் வரவாயிற்று. மற்றொன்றை எவரும் கேட்கவில்லை. அது பதிவேட்டில் ரூ. 1 மதிப்பில் இன்னும் இருக்கிறது. வேறு சங்கங்களின் கிட்டங்கிகளிலும் இத்தகைய பதிவுகள் இருக்கக்கூடும். செயலாளர்கள் தளவாடக் கணக்கெடுப்பின்போது பொருளை நேரில் எடுத்துப் பார்த்து, அதில் பொறித்துள்ள எழுத்துக்களையும் பதிவேட்டில் குறித்துவைப்பது நலம்.

பருவம் முடிந்து விளக்கை எடுத்துவைக்கும்போது அழுத்தத்தை இறக்கி, எண்ணெயை முழுவதும் வடித்து, தொட்டியை வெயிலில் உலர்த்தி, பம்பின் தோலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, மூடியைத் தளர்த்தி வையுங்கள். கண்ணாடியைத் தனியே கழற்றிப் பழைய துணியில் சுற்றி வைக்க வேண்டும். மேண்டில் மட்டும் எவ்வளவு கவனித்தாலும் அடுத்த முறை எடுக்கும்போது உதிர்ந்திருக்கும். ஆகவே விளக்குடன் எப்போதும் நான்கு புதிய மேண்டில்கள் இருக்கட்டும்.