உங்களுக்குத் தெரியுமா? – தோலைக் காட்டுங்கள், நம்புகிறோம்!

நெமிலி டீக்கடையில் 'மர்ம விலங்கு' வீடியோ ஒன்றை நீட்டிப் பாருங்கள். சுற்றி நிற்பவர்களில் ஒருவராவது ராணிப்பேட்டையிலோ மேல்விஷாரத்திலோ டேனரியில் வேலை பார்த்தவராக இருப்பார். "படம் கிடக்கட்டும், தோல் கிடைச்சுதா?" என்று அவர் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த இதழ்த் துணுக்குகள் எல்லாம் அவர் கட்சிதான்.

◆ இமயமலைப் பனிமனிதன் 'யெட்டி'யின் உச்சந்தலைத் தோல் என்று ஒன்றை நேபாளத்தின் கும்ஜுங் கிராமத்து பௌத்த மடாலயம் பொத்திப் பாதுகாத்து வந்தது. கூம்பு வடிவம், மேலே செம்பட்டை முடி. 1960-இல் எட்மண்ட் ஹிலாரி அதை இரவல் கேட்டார். ஊர்ப் பெரியவர் ஒருவரையும் துணைக்கு அனுப்பித்தான் கொடுத்தார்கள். சிகாகோ, பாரிஸ், லண்டன் என்று சுற்றிவந்த பிறகு நிபுணர்கள் சொன்ன முடிவு: 'சீரோ' என்ற மலையாட்டு வகையின் தோல்! ஈரத் தோலை அச்சின்மேல் இழுத்துக் கட்டிக் காயவிட்டால் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். பறைக்குத் தோல் கட்டுகிறவர்களுக்கு இதில் என்ன அதிசயம்? பேரணாம்பட்டு டேனரி ஆள் ஒருவரைக் கூட அழைத்துப் போயிருந்தால் சிகாகோ செலவு மிச்சமாகியிருக்கும்.

◆ முடி போனாலும் முடி முளைத்த துளைகள் தோலை விட்டுப் போவதில்லை. தொழிலில் அதைத்தான் 'கிரெய்ன்' என்பார்கள். வெள்ளாட்டுத் தோலில் சிறிதும் பெரிதுமான துளைகள் கூட்டங்கூட்டமாக வரிசை பிடிக்கும். மாட்டுத் தோலில் கிட்டத்தட்ட ஒரே அளவில் நெருக்கமாகப் பரவியிருக்கும். எருமைத் தோலில் விலகி விலகி இருக்கும். பழகிய கை தடவிப் பார்த்தே சொல்லிவிடும். சந்தேகம் வந்தால் பூதக்கண்ணாடி. மட்டமான தோலில் கிரெய்ன் பிரிண்ட் அடித்து ஏமாற்றுவதும் நடக்கிறது. அது வேறு வழக்கு.

◆ யெட்டியினுடையது தோலால் பொய் உடைந்த கதை. தோலால் உண்மை வெளிவந்த கதையும் உண்டு. காங்கோ காட்டில் கழுதை மாதிரி ஒரு பிராணி திரிவதாக அங்குள்ள மக்கள் சொன்னபோது வெளியூர்க்காரர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹாரி ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1900-இல் அந்தப் பிராணியின் வரிபோட்ட தோலால் செய்த இரண்டு தோள்வார்களை வாங்கி லண்டனுக்கு அனுப்பினார். வரிகளைப் பார்த்த அறிஞர்கள் புதுவகை வரிக்குதிரை என்று பெயரே வைத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு முழுத் தோலும் மண்டையோடும் போய்ச் சேர்ந்தன. வரிக்குதிரை இல்லை, ஒட்டகச்சிவிங்கியின் பங்காளி! 'ஒகாபி' என்று இன்று உலகம் அறியும் விலங்கு அதுதான். துண்டுத் தோலை வைத்து அவசரப்பட்டால் அறிஞரும் சறுக்குவார்.

◆ வாத்து அலகும் நீர்நாய் உடம்புமாக ஒரு பாடம் செய்த பிராணி 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்து போனது. இரண்டு பிராணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்ட இயற்கையியல் அறிஞர் ஜார்ஜ் ஷா, தையல் தேடிக் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தாராம். தையல் இல்லை. 1799-இல் அவரே அதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதுதான் பிளாட்டிபஸ்.

◆ நரிக்குக் கொம்பு கிடையாது. ஆனால் நரிக்கொம்பு விற்பனைக்குக் கிடைக்கும்! சிறு எலும்புத் துண்டின்மேல் முடியோடு கூடிய தோலைச் சுற்றி ஒட்டிய சரக்கு அது. 'வீட்டில் வைத்தால் நினைத்தது நடக்கும்' என்று விற்பார்கள். விற்றவருக்கு நடந்துவிடுகிறது, சந்தேகமில்லை.

◆ மறுபடி யெட்டி. 2019 ஏப்ரலில் நம் ராணுவமே மக்காலு மலை முகாம் பக்கம் 32 அங்குல நீளம், 15 அங்குல அகலத்தில் 'யெட்டி' காலடித் தடம் கண்டதாகப் படத்தோடு ட்விட்டரில் போட்டது. நாடே சிரித்தது. பனியில் பதிந்த தடம் வெயிலில் கரைந்து அகலும். கரடியின் முன்கால் தடத்தின்மேல் பின்கால் விழுந்தால் இரண்டும் சேர்ந்து ராட்சதக் கால் ஆகிவிடும். இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2017-இல், ஆய்வாளர் சார்லட் லிண்ட்க்விஸ்ட் குழு 'யெட்டி'யின் எலும்பு, பல், தோல், முடி, கழிவு என்று பத்திரப்படுத்தப்பட்டிருந்த 9 மாதிரிகளை மரபணுச் சோதனை செய்திருந்தது. எட்டு கரடி. மிச்சம் ஒன்று நாய்.

◆ நம்மூர் விலங்குக்கு வருவோம். வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் கல்யாண மண்டபம். தூணுக்குத் தூண் முன்கால் தூக்கி எழும் யாளிகளும் குதிரை வீரர்களும். சிங்க உடம்போடு, முகம் சிங்கமாகவோ யானையாகவோ இருக்கும். பிதுங்கிய கண், சுருண்ட பிடரி, வாய்க்குள் கோரைப்பல். பல கோயில்களில் யாளியின் வாய்க்குள் ஒரு கல் பந்து உருளும். வெளியே மட்டும் எடுக்கவே முடியாது. வாய்க்குள் இருந்த கல்லையே உள்ளுக்குள் உளி விட்டுச் செதுக்கி உருட்டிவிட்டார்கள். யாளி இருந்ததா என்று சண்டை போடுகிறவர்கள் அந்தப் பந்தைச் செதுக்கிய கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லையே என்பது என் ஆதங்கம்.

◆ அந்த யாளி டைனோசர் காலத்து விலங்கு என்று யூடியூபில் அடித்துச் சொல்கிறார்கள். சங்கப் பாடல்களில் 'ஆளி' வருவது உண்மை. யானையையே வீழ்த்தித் தந்தத்தைப் பிடுங்கும் மிருகமாகவே வரும். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் சாளுவன்குப்பம் புலிக்குகையின் வாயைச் சுற்றிப் பல்லவர் காலத்து யாளித் தலைகள் இருப்பதும் உண்மை. பாட்டு இருக்கிறது, கல் இருக்கிறது. எலும்பு, பல், தோல்? ஒரு துண்டுகூட இல்லை. கவிஞனும் சிற்பியும் சேர்ந்து வளர்த்த விலங்கு என்று வைத்துக்கொண்டால் அதற்கு ஒன்றும் மரியாதை குறைந்துவிடாது.

◆ சங்கப் பாடல்களில் இன்னொரு விசித்திரப் பிராணி அசுணம். யாழ் கேட்டால் மயங்கும், பறையொலி கேட்டால் உயிரை விடும். இன்றைய கல்யாண மண்டபங்களில் ஒரு நாள் தாங்காது.

◆ வேலூர்க் கோட்டை அகழியில் ஒரு காலத்தில் பத்தாயிரம் முதலைகள் இருந்ததாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள். அகழியில் முதலை விடுவது நம்பக்கூடியதுதான். பத்தாயிரம்? அத்தனைக்கும் தீனி போட்டிருந்தால் ராயவேலூர்ச் சீமையில் ஆடு மிஞ்சியிருக்காது, நம் தோல் தொழிலும் தொடங்கியிருக்காது.

◆ இருதலை மணியனுக்கு ஒரு தலைதான். இந்த மண்ணுளிப் பாம்பின் வால் மொண்ணையாக இருப்பதால் அதுவும் தலை மாதிரி தெரியும். எதிரி வாலைக் கவ்வட்டும், தலை தப்பட்டும் என்பது பாம்பின் ஏற்பாடு. வித்தைக்காரர்கள் வாலில் சூடு போட்டுக் கண்ணும் வாயும் வரைந்து 'இரண்டாம் தலை' காட்டியதும் உண்டு. கோடிக்கணக்கில் விலை போகும், வீட்டில் செல்வம் கொட்டும் என்று நம்பிக் கைக்காசைத் தொலைத்தவர்கள் வட மாவட்டங்களில் ஏராளம். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடித்தாலும் விற்றாலும் வழக்கு வரும். செல்வம் வராது.

◆ கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறி, பிணம் எரியும் புகையைப் பார்த்த பிறகுதான் இறங்கும் என்று பாட்டி சொல்லாத வீடு உண்டா? அது விஷமே இல்லாத பாம்பு. ஓணானும் தவளையும் தேடித்தான் மரம் ஏறுகிறது. நல்லபாம்பும் சாரையும் பிணைந்து ஆடுவதாக வேட்டியை வீசுவார்களே, அங்கே ஆடுவது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். இணைக்காக மல்லுக்கட்டுகின்றன. இதையெல்லாம் ஏட்டுப் படிப்பில்லாமல் அறிந்தவர்கள் இருளர்கள். வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் விஷத்தில்தான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. அங்கிருந்து வந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ.

◆ 2017-இல் விசாகப்பட்டினத்துக் கட்டடம் ஒன்றில் வெள்ளை முகம், கறுப்புக் கண், நெட்டை உடம்போடு மூன்று 'வேற்றுக்கிரகவாசிகள்' நிற்பதாக வீடியோ பரவியது. அவை கூகைக் குஞ்சுகள்! நம் கோயில் கோபுரப் பொந்துகளிலும் கூகை உண்டு. ராத்திரியில் சீறும் சத்தம் கேட்டால் பேய் என்று ஓடவேண்டாம். நெமிலி, பனப்பாக்கம் பக்கத்து நெல் வயல்களில் 'டி' வடிவக் குச்சி நட்டால் ஆந்தைகள் வந்து உட்கார்ந்து எலி பிடித்துப் போகும். சம்பளம் இல்லாத காவல்காரர்.

◆ 2001 மே மாதம் டெல்லியில் 'குரங்கு மனிதன்'. கரு முடி, இரும்பு நகம், தலையில் ஹெல்மெட் என்று ஆளுக்கொரு வர்ணனை. போலீஸ் உத்தேசப் படம் வரைந்து பரிசும் அறிவித்தது. பயத்தில் மொட்டைமாடியிலிருந்து விழுந்து செத்தவர்கள் உண்டு. பிடிபட்ட குரங்கு மனிதன் ஒருவரும் இல்லை. மின்வெட்டும் புழுக்கமுமாக ஊரே மாடியில் படுத்த கோடை அது என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

◆ அதற்காக எல்லாவற்றையும் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் கூடாது. 'புலி வருது' கதையில் கடைசியில் புலி வந்ததே! 2024 ஜூன் 14 அன்று திருப்பத்தூரில், ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகிலுள்ள பள்ளி வளாகத்துக்குள் பட்டப்பகலில் சிறுத்தை புகுந்தது. அங்கிருந்து கார் நிறுத்துமிடத்துக்குப் போய்ப் பதுங்கியது. காருக்குள்ளேயே மாட்டிக்கொண்டவர்களை மீட்டு, விடிவதற்குள் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கே.வி.குப்பம் அருகே துருகம் கிராமத்தில் இளம்பெண் ஒருவரைச் சிறுத்தை கொன்றது. மலையடிவார ஊர்க்காரர் 'பார்த்தேன்' என்றால் முதலில் நம்பிவிட்டு, பிறகு தடம் தேடுவதுதான் முறை.

◆ தடம் பார்க்கும் வழி: ஈர மண்ணில் நான்கு விரல் பதிந்திருக்கும். விரல் நுனியில் நகக் கீறல் தெரிந்தால் நாய், நரி, கழுதைப்புலி வகை. நகமே தெரியவில்லை, உள்ளங்கால் பதிவின் பின்விளிம்பு மூன்று மேடாக இருக்கிறது, அகலம் ஏழெட்டு சென்டிமீட்டர் என்றால் ஊருக்குத் தகவல் சொல்லுங்கள், வனத்துறைக்கும் சொல்லுங்கள். படம் எடுக்கும்போது பக்கத்தில் தீப்பெட்டியோ ஸ்கேலோ வையுங்கள்; இல்லாவிட்டால் பூனைத் தடமும் ஃபோனில் புலித் தடம்தான்.

◆ இந்தியச் சிவிங்கிப்புலியின் கடைசிக் குறிப்புகளில் ஒன்று நமக்குப் பக்கத்து ஊரைப் பற்றியது. 1947-இல் இன்றைய சத்தீஸ்கரின் கொரியா சமஸ்தான ராஜா மூன்றைச் சுட்டதோடு இனம் முடிந்தது என்பதுதான் எல்லோரும் சொல்வது. ஆனால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் கிர்க்பேட்ரிக் என்பவர் 1952-இல் எழுதிய குறிப்பு, அன்றைய மதராஸ் மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தில் சிவிங்கி தென்பட்டதாகச் சொல்கிறது. வேலூரிலிருந்து சித்தூர் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். இனமே அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டதும் அதே 1952-இல்தான். பிறகு 2022 செப்டம்பர் 17-இல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு விமானத்தில் எட்டு வந்து இறங்கின.

◆ அற்றுப்போனது திரும்பி வந்த கதை கடப்பாவில். 1848-இல் விவரிக்கப்பட்ட ஜெர்டான் கல்குருவியை 1900-க்குப் பிறகு யாரும் கண்டதாகப் பதிவில்லை. செத்தொழிந்தது என்று எழுதியும் விட்டார்கள். 1986 ஜனவரியில் கடப்பா மாவட்டத்தில் உயிரோடு அகப்பட்டது! உள்ளூர் வேட்டைக்காரர்களுக்கு அது பழகிய பறவை. ராத்திரியில் நடமாடுகிற பறவையைப் பகலில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

◆ கடல்கன்னி என்று எதைக் கண்டு சொல்லியிருப்பார்கள்? பாக் விரிகுடாவில் கடற்புல் மேயும் ஆவுளியாவைப் பாருங்கள். கடல்பசு என்றும் சொல்வார்கள். குட்டிக்குப் பால் கொடுக்கும், மூச்சு விட மேலே வரும். 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பகுதியை அதற்கென்றே ஒதுக்கியது தமிழக அரசு.

◆ தீராத வழக்கு ஒன்று. அகத்தியமலையின் கேரளப் பக்கம், பேப்பாறைக் காடுகளில் ஆளுயரமே உள்ள 'கல்லானை' என்ற குள்ள யானை இருப்பதாகக் காணி மக்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். புகைப்படக்காரர் சாலி பாலோடு 2005-இலும் 2010-இலும் படம் எடுத்தார். தனி இனமா, வளர்ச்சி குன்றிய சாதாரண யானையா என்ற விவாதம் நடந்துகொண்டே இருக்கிறது. ஜெர்டான் கல்குருவி விஷயத்தில் காட்டு மக்கள் சொன்னதுதான் ஜெயித்தது என்பதால் நான் காணிகள் பக்கம் சாய்கிறேன். இதற்கு யானையின் தோலை உரிக்கவேண்டியதில்லை. படத்தில் உள்ள அதே யானை போட்ட ஓர் உருண்டை லத்தி, சூடு ஆறுமுன் ஆய்வகம் போய்ச் சேர்ந்தால் போதும்.