குடும்ப நலத் திட்டமும் நம் வீட்டுப் பெண்களும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை நேரம். ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு பெண், இரண்டாவது பிரசவத்துக்கு நாள் நெருங்கிய நிலையில், மடித்த தாள் ஒன்றுடன் வந்தாள். "டீச்சரம்மா, ஆஸ்பத்திரியில இதக் குடுத்தாங்க. கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வரச் சொன்னாங்க. என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?" என்றாள்.

தாள் கன்னடத்தில் இருந்தது. தருமபுரிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அவளுக்குக் கன்னடம் பேச வரும், எழுத்து தெரியாது. படித்துப் பார்த்தேன். குழந்தை பிறந்ததும் கருத்தடை அறுவை செய்துகொள்ளச் சம்மதம் என்னும் படிவம் அது. "ஐயோ, ஆபரேஷனா? நான் கேக்கவே இல்லையே!" என்று அவள் திகைத்து நின்ற முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அந்த ஒற்றைத் தாளுக்குப் பின்னால் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு இருக்கிறது. வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்கள் அதை அறிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மைசூர் காட்டிய வழி

1930-ஆம் ஆண்டு, மிர்சா இஸ்மாயில் திவானாக இருந்தபோது, மைசூர் அரசு தன் மருத்துவமனைகளில் கருத்தடை ஆலோசனை நிலையங்களைத் திறக்க ஆணையிட்டது. உலகில் ஓர் அரசு தானே முன்வந்து நடத்திய முதல் நிலையங்கள் இவை என்று வரலாற்றில் குறிப்பிடுகிறார்கள். நாம் வாழும் மாநிலத்துக்கு இது பெருமைதான். ஆனால், நம்மவர்கள் நிறைந்திருந்த தண்டுப் பகுதி 1947 ஜூலை வரை பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்ததால், மைசூர் அரசின் ஆணை அங்கே செல்லாது. ஒரே ஊர்; எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் ஒரு கொள்கை, அந்தப் பக்கம் வேறு!

அதே காலத்தில் தமிழகத்தில் தந்தை பெரியார் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதினார். மற்றவர்கள் தாயின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் அதை வேண்டினார்கள். பெரியாரோ பெண்ணின் விடுதலைக்காக வேண்டினார். இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஒரு திட்டம் யாருக்காக என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

எண்ணிக்கை படுத்திய பாடு

1952-இல் இந்தியா, வளரும் நாடுகளுக்கெல்லாம் முன்னதாக, குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக ஏற்றது. அந்தக் காலத்தில் பெங்களூரை அடுத்த ராமநகரத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, பாதுகாப்பான நாட்களைக் கணக்கிடும் முறையைச் சோதித்தார்கள். நாளை எண்ணப் பெண்களுக்கு வண்ண மணி மாலைகள் கொடுத்தார்கள். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை.

பிறகு கவனம் அறுவை சிகிச்சையின் பக்கம் திரும்பியது. இன்றைய இளைஞர்கள் நம்ப மாட்டார்கள். அன்று முன்வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் அறுவை செய்துகொண்டார்கள்.

நெருக்கடி நிலைக் காலம் எல்லாவற்றையும் கெடுத்தது. 1976–77 என்னும் ஒரே ஆண்டில் நாடெங்கும் சுமார் 82 லட்சம் கருத்தடை அறுவைகள். அவற்றில் பெரும்பகுதி ஆண்களுக்கு. இலக்கை எட்டுவதற்காகப் பல இடங்களில் கட்டாயப்படுத்தியதால் மக்கள் மனத்தில் பயம் குடியேறியது. ஆண்கள் ஒதுங்கிக்கொண்டார்கள், சுமை பெண்கள் தலையில் இறங்கியது.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் அறுவையை நம்பியிருப்போர் வெறும் 0.3 விழுக்காடு! தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பாதிக்கு மேற்பட்ட மணமான பெண்கள் அறுவை செய்துகொண்டவர்கள். அண்டை நாடான வங்காளதேசத்தில் அதிகம் பயன்படுவது மாத்திரை. ஆகவே அறுவை ஒன்றே வழி என்பது விதியல்ல, நாம் பழகிக்கொண்டது.

இத்தனைக்கும், ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் அந்த ஆய்விலேயே கர்நாடகத்தில் 1.7, தமிழ்நாட்டில் 1.8 என்று குறைந்திருந்தது. மக்கள்தொகை பெருகுமோ என்ற அச்சத்துக்கு இங்கே இனி இடமில்லை. பெண்ணின் உடல்நலமும் விருப்பமுமே இனிக் கேள்வி.

கெய்ரோவும் உச்ச நீதிமன்றமும்

1994-இல் கெய்ரோ மாநாட்டில் 179 நாடுகள் கூடி, எண்ணிக்கை இலக்குகளை விடப் பெண்ணின் உரிமையும் உடல்நலமும் முதன்மை என்று ஏற்றுக்கொண்டன. இந்தியாவும் 1996 ஏப்ரலில் மேலிருந்து இலக்கு விதிக்கும் முறையைக் கைவிட்டது. ஏட்டில் மாறியது எல்லா இடத்திலும் நடைமுறையில் மாறவில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே, ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை நடந்தது. அந்தத் துயரத்தில் பதின்மூன்று பேர் உயிரிழந்தார்கள்.

2016 செப்டம்பரில், தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில், இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்த உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதோடு, அறுவையின் விளைவுகளை அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், யோசிக்கச் சுமார் ஒரு மணி நேரம் அவகாசம் தர வேண்டும் என்றும் சொன்னது. வெளிமாநிலத் தமிழருக்கு இதைவிட வேண்டிய தீர்ப்பு உண்டா? "எனக்குப் புரியல, தமிழ்ல சொல்லுங்க" என்று கேட்பது சலுகையல்ல, உரிமை.

தெரிந்துகொள்ள வேண்டியவை

அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைப்பவை பல. ஆணுறை உண்டு. தினம் ஒன்றாகச் சாப்பிடும் மாலா-என் மாத்திரை உண்டு. லக்னோவில் நம் விஞ்ஞானிகள் கண்ட மருந்தான 'சாயா', முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒரு முறை. 'அந்தரா' ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. காப்பர் டி, வகையைப் பொறுத்து 5 அல்லது 10 ஆண்டு பலன் தரும், வேண்டாதபோது எடுத்துவிடலாம். யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். எச்.ஐ.வி. போன்ற பால்வினை நோய்களையும் சேர்த்துத் தடுப்பது ஆணுறையே. அறுவையோ மாத்திரையோ அதைச் செய்யாது.

ஆண்களுக்கான கத்தியில்லா அறுவை மிக எளியது. அன்றே வீடு திரும்பலாம். மூன்று மாதம் வேறு பாதுகாப்போடு இருந்து, பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். "ஆம்பளைக்குப் பலம் போயிடும்" என்பது வீண் பயம். அறுவைக்குப் பின்னும் ஆண்மை அப்படியேதான் இருக்கும்.

அறுவைக்கு அவரவர் சம்மதம் போதும்; சட்டப்படி துணையின் கையெழுத்து தேவையில்லை. அறுவை பலிக்காமல் கரு தங்கினால் அரசின் இழப்பீட்டுத் திட்டம் உண்டு. சான்றிதழைப் பத்திரமாக வைத்திருந்து, காலம் கடத்தாமல் விண்ணப்பிக்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். அன்றிரவே அவள் கணவரும் வந்து உட்கார்ந்து படிவம் முழுவதையும் கேட்டார். இருவரும் பேசி, இப்போதைக்குக் காப்பர் டி போதும் என்று முடிவு செய்து, மருத்துவமனையில் சொன்னார்கள், அவர்களும் மறுக்கவில்லை. சில மாதம் கழித்துக் கடைத்தெருவில் பார்த்தபோது, "படிச்சுச் சொன்னீங்களே, அதுவே பெரிய உதவி, டீச்சரம்மா" என்றாள்.

நான் செய்தது ஒரு தாளைப் படித்துக் காட்டியது மட்டுமே. கன்னடம் படிக்கத் தெரிந்த நம்மில் ஒவ்வொருவரும், தெருவுக்கு ஒருவராக, இதைச் செய்யலாம். நம் சங்கத்துப் பெண்கள் வாரம் ஒரு நாள் மகப்பேறு மனை வாசலில் மொழித்துணையாக நின்றால், அதைவிடச் சிறந்த தமிழ்த்தொண்டு வேறில்லை என்று நம்புகிறேன்.