நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இறந்த மருத்துவமனைகள்

கணக்கும் கண்ணும் – 14

பட்டைப்படத்தின் அடி பூஜ்யத்தில் தொடங்காவிட்டால் கடுகளவு வித்தியாசமும் மலையாகத் தெரியும் என்று சென்ற வாரம் பார்த்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

இந்த வாரம் இரட்டை அச்சுப் படத்தை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒரு பத்தியில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலைத் தொட்டுவிட்டுப் போகலாம் என்று அவருடைய படங்களையும் அட்டவணைகளையும் எடுத்து வைத்தேன். நான்கு நாளாக அவை மேசையை விட்டு நகரவில்லை. காரணம் ஓர் எண்: 90.84. அதைச் சொல்வதற்கு முன்னால் கிரிமியப் போருக்குப் போய்வர வேண்டும்.

கைவிளக்கேந்திய காரிகை என்று நாம் பள்ளிப் பாடத்தில் படித்த நைட்டிங்கேல், 1854 நவம்பரில் 38 செவிலியருடன் துருக்கியின் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். பாடப்புத்தகத்தில் விளக்கு மட்டும்தான் இருந்தது. அவருடைய கணக்கு நோட்டைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லவில்லை. 1858-இல் லண்டன் புள்ளியியல் கழகம் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது அவரைத்தான்.

போர் முடிந்து ஊர் திரும்பியதும், இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவுத் துறையில் புள்ளிவிவரங்களைக் கவனித்துவந்த வில்லியம் பார் என்பவரோடு சேர்ந்து ராணுவத்தின் சாவுக் கணக்கை மாதவாரியாகப் பிரித்தார். 1855 ஜனவரியை மட்டும் பார்ப்போம். படையில் இருந்தவர்கள் சுமார் 32,000 பேர். அந்த ஒரு மாதத்தில் காயத்தால் இறந்தவர்கள் 83. பிற காரணங்களால் இறந்தவர்கள் 324. காலரா, வயிற்றுப்போக்கு, டைபஸ் போன்ற தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்கள் 2,761. எதிரியின் குண்டு ஒருவரைக் கொன்ற நேரத்தில், கழிவுநீரும் நெரிசலும் 33 பேரைக் கொன்றிருக்கின்றன.

இதை ஆண்டு விகிதமாக மாற்றினார்கள். 2,761-ஐ 12-ஆல் பெருக்கிப் படையின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆயிரத்துக்கு 1,023 வருகிறது. ஆயிரம் பேரில் 1,023 பேர் எப்படி இறக்க முடியும்? முடியாதுதான். அந்த ஜனவரியின் வேகம் அப்படியே நீடித்து, வெளியிலிருந்து புது ஆட்களும் வராமல் போனால், ஓர் ஆண்டு முடிவதற்குள் நோய் ஒன்றே முழுப் படையையும் தீர்த்துவிடும் என்பதுதான் அதன் பொருள். அது வேகத்தைச் சொல்லும் எண். வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறது என்றால் அது 60 கிலோமீட்டர் போய்விட்டது என்று ஆகாதல்லவா, அதுபோல. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கதை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

இந்தக் கணக்கைப் படமாக்க நைட்டிங்கேல் முதலில் எடுத்த வழி தவறானது. வட்டத்தின் நடுவிலிருந்து மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கோடுகள். சாவு விகிதம் எவ்வளவோ அவ்வளவு நீளம். கோடுகளின் முனைகளை இணைத்தால் வௌவால் சிறகு மாதிரி ஓர் உருவம் வந்தது. கணக்குப்படி எல்லாம் சரி. ஆனால் பார்ப்பவரின் கண் கோட்டின் நீளத்தை அளப்பதில்லை, அடைபட்ட இடத்தின் பரப்பைத்தான் எடுத்துக்கொள்ளும். 1855 ஏப்ரலில் விகிதம் ஆயிரத்துக்கு 178 ஆக இறங்கியிருந்தது. ஜனவரி அதைப்போல் ஆறு மடங்குக்குச் சற்றுக் குறைவு. அதே நீளங்களை ஆரமாக வைத்து விசிறி வரைந்தால், ஜனவரியின் பரப்பு ஏப்ரலைப்போல் 33 மடங்கு ஆகிவிடும். உண்மையே கொடூரமாக இருக்கும்போது, படம் அதை இன்னும் ஐந்தாறு மடங்கு ஊதிக் காட்டிவிடுகிறது.

அந்த ஊதல் அவருடைய கட்சிக்குச் சாதகமாகத்தான் இருந்தது. ராணுவ அமைச்சகத்தை அசைக்க வேண்டும், அரசியின் கண்ணில் பட வேண்டும் என்று நினைத்தவர், பெரிதாகத் தெரிவது நல்லதுதானே என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. வௌவால் சிறகைக் கைவிட்டு, விகிதம் எவ்வளவோ அவ்வளவு பரப்பு வரும்படி புதிதாக வரைந்தார். துண்டுகளின் பரப்பை நடுப்புள்ளியிலிருந்து அளக்க வேண்டும் என்று படத்திலேயே எழுதியும் வைத்தார். நீலம் நோய், சிவப்பு காயம், கறுப்பு மற்றவை. இன்று உலகம் முழுவதும் அச்சாகிற ரோஜாப் படம் அதுதான். ஜனவரி ஏப்ரலைப்போல் ஆறு மடங்குக்குச் சற்றுக் குறைவு என்றால், படத்திலும் பரப்பு அவ்வளவேதான். ஒரு படத்தின் தவறு தனக்கு ஆதாயமாக இருக்கும்போதே அதைத் திருத்தியவர்கள் வரலாற்றில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறேன். அதிகம் தேறவில்லை.

இங்கே நிறுத்தியிருந்தால் இது ஒரு நல்ல பாராட்டுக் கட்டுரை. ஆனால் 1863 இருக்கிறது.

அந்த ஆண்டு மருத்துவமனைகளைப் பற்றிய அவருடைய நூலின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. தொடக்கத்திலேயே பார் தொகுத்த ஓர் அட்டவணை. இங்கிலாந்தின் முக்கியமான 106 மருத்துவமனைகளில் 1861-ஆம் ஆண்டின் இறப்பு விகிதம். லண்டனின் 24 மருத்துவமனைகளுக்கு 90.84 சதவீதம். பெருநகர மருத்துவமனைகள் 12-க்கு 83.16. நாட்டுப்புறக் கவுண்டி மருத்துவமனைகள் 25-க்கு 39.41. லண்டன் மருத்துவமனைக்குள் நூறு பேர் போனால் உயிரோடு திரும்புவது ஒன்பது பேர்தானா? படிப்பவர்களுக்கு அப்படித்தானே தோன்றும்!

கணக்கு நடந்த விதம் இது. லண்டனின் அந்த 24 மருத்துவமனைகளில் 1861-ஆம் ஆண்டு முழுவதும் இறந்தவர்கள் 3,828 பேர். 1861 ஏப்ரல் 8 என்ற ஒரே ஒரு நாளில் அங்கே படுத்திருந்த நோயாளிகள் 4,214 பேர். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தார்கள். 90.84 வந்துவிட்டது.

பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று ஐந்தாம் வகுப்பில் படித்தோமே, அதை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். தொகுதி ஓர் ஆண்டின் சாவு. பகுதி ஒரு நாளின் ஆட்கள். நூறு படுக்கை உள்ள ஒரு மருத்துவமனையை வைத்துக்கொள்வோம். எந்த நாளும் நிறைந்தே இருக்கிறது. ஒரு நோயாளி சராசரியாக ஒரு மாதம் தங்குகிறார். ஆண்டுக்கு 1,200 பேர் வந்து போவார்கள். அவர்களில் 90 பேர் இறந்தால் விகிதம் ஏழரை சதவீதம். பார் முறையில் பார்த்தால் 90 சதவீதம்.

இதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. அதே மருத்துவமனை நோயாளிகளை விரைவாகக் குணப்படுத்திப் பதினைந்து நாளில் வீட்டுக்கு அனுப்பத் தொடங்குகிறது என்று வையுங்கள். அதே நூறு படுக்கையில் இப்போது ஆண்டுக்கு 2,400 பேர். அதே ஏழரை சதவீதம் இறந்தால் 180 சாவு. பார் கணக்கில் 180 சதவீதம்! வேகமாகக் குணப்படுத்துகிற இடத்துக்குக் கெட்ட பெயர், மாதக்கணக்கில் படுக்கவைக்கிற இடத்துக்கு நல்ல பெயர். கடும் நோயாளிகள் வந்து குவிந்த லண்டன் மருத்துவமனைகளுக்குப் பக்கத்தில், நாட்டுப்புற மருத்துவமனைகள் பாதுகாப்பான இடங்களாகத் தெரிந்ததில் இந்தக் கணக்குக்கு ஒரு பெரும் பங்கு உண்டு.

மருத்துவ இதழ்களில் உடனே எதிர்ப்பு கிளம்பியது. எங்களிடம் வந்த மொத்த நோயாளிகளை ஏன் கணக்கில் எடுக்கவில்லை என்று மருத்துவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பார் தன் முறையை விட்டுக்கொடுக்காமல் வாதாடினார்.

பார் கணிதம் தெரியாதவர் அல்ல, அந்தக் காலத்தில் சாவுக் கணக்கில் அவருக்கு மிஞ்சிய ஆள் இங்கிலாந்தில் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கிரிமியப் படைக்குப் போட்ட அதே கணக்கைத்தான் மருத்துவமனைக்கும் போட்டார். இதைக் கண்டுகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. படையில் ஜனவரியில் இருந்த சிப்பாய்தான் பெரும்பாலும் பிப்ரவரியிலும் இருப்பான். அங்கே படையின் எண்ணிக்கையால் வகுப்பது சரி. மருத்துவமனைப் படுக்கையில் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார். அங்கே அந்த 90.84, ஒரு படுக்கை ஓராண்டுக்குக் காணும் சாவின் வேகம். வேகம் என்று சொல்லியிருந்தால் அதில் பிழை இல்லை. சதவீதம் என்று தலைப்பிட்டதும், நூறு பேர் போய் ஒன்பது பேர் திரும்பும் இடமாக அது மாறிவிட்டது. ஒரு சொல்தான் பிசகு.

இதற்கான மருந்து நைட்டிங்கேலின் கையிலேயே இருந்தது என்பதுதான் என்னை வருத்துகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1860-இல் லண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டுக்கு, எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரி நிரப்ப வேண்டிய படிவங்களை அவர் தயாரித்துக் கொடுத்திருந்தார். ஆண்டின் முதல் நாளில் உள்ளே இருந்தவர்கள் எத்தனை பேர், ஆண்டில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், குணமாகிப் போனவர்கள், குணமாகாமல் போனவர்கள், இறந்தவர்கள், கடைசி நாளில் மீதி, சராசரியாகத் தங்கிய நாட்கள். இத்தனைக்கும் அதில் இடம் உண்டு. அந்தப் படிவம் நிரம்பி வந்திருந்தால் 90.84 என்ற எண் பிறந்தே இருக்காது.

இது லண்டன் கதை, நமக்கென்ன என்று இருக்க முடியவில்லை. என் அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு முடித்த ஏப்ரலில், ஊர்ப் பெயரைக்கூடச் சொல்ல விரும்பாத ஒரு பள்ளியிலிருந்து அக்காவுக்கு அழைப்பு வந்தது. “பையனுக்குக் கணக்கு வரலம்மா. பத்தாவது இங்க அவனுக்குக் கஷ்டம். நீங்களே எழுதிக் கொடுத்து டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க.” அக்கா அழுதுகொண்டே வாங்கி வந்தாள். அவனோடு இன்னும் சில பிள்ளைகளும் வெளியே வந்தார்கள். மறுவருடம் அந்தப் பள்ளி வாசலில் ஆளுயரத்துக்கு மேல் ஃபிளெக்ஸ். பத்தாம் வகுப்பில் 100 சதவீதத் தேர்ச்சி. அந்த எண்ணில் பொய் இல்லை, தேர்வு எழுதியவர்கள் எல்லோரும் தேறினார்கள். பகுதியிலிருந்து ஆட்களை முன்கூட்டியே அகற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். தம்பி அரசுப் பள்ளியில் சேர்ந்து முதல் முறையிலேயே தேறினான். அந்த ஃபிளெக்ஸைத் தாண்டித்தான் அவன் தினமும் சைக்கிளில் போய்வந்தான்.

நைட்டிங்கேலுக்கு நம் நாட்டோடு உள்ள தொடர்பை விட்டுவிட்டால் தவறாகும். அவர் இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனால் இந்தியாவிலிருந்த படைகளின் சுகாதாரத்தை ஆராய 1859-இல் அமைந்த அரச ஆணையத்துக்காக, மெட்ராஸ் மாகாணம் உட்பட எல்லா முகாம்களுக்கும் கேள்வித்தாள் போனது. வந்த பதில்களை வீட்டிலிருந்தே பிரித்து ஆராய்ந்தார். பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறக்கிறார்கள் என்று 1863-இல் ஆணையத்தின் அறிக்கை சொன்னது. பத்தாண்டு கழித்து அது 18 ஆகக் குறைந்துவிட்டது என்று அவர் மகிழ்ச்சியோடு எழுதினார். குறைந்தது உண்மை. ஆனால் 69 என்பது 1817-லிருந்து எடுத்த நெடுங்காலச் சராசரி, 18 என்பது அண்மைய நிலவரம். இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் வீழ்ச்சி எவ்வளவு செங்குத்தாகத் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். ஒப்பிடும் ஆண்டைத் தேர்வு செய்வது தனி அத்தியாயத்துக்கான சங்கதி, வேறொரு வாரம் வருகிறேன்.

இரட்டை அச்சு அடுத்த வாரம் உறுதி. 2015 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் வைக்கப்பட்ட படத்தில் 3,27,000 என்ற எண் 9,35,573 என்ற எண்ணுக்கு மேலே நின்றது. அது எப்படி மேலே ஏறியது என்பதிலிருந்து தொடங்குவோம்.

அதற்குள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் 100 சதவீதத் தேர்ச்சி என்று பலகை இருந்தால், உள்ளே போய் இரண்டே எண்களைக் கேளுங்கள். முந்தைய ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்? இந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்? கிடைத்த எண்களை, பள்ளியின் பெயர் இல்லாமல், இதழின் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள்.